இரவில் கத்துகிறார், அடிக்கிறார்: டிமென்ஷியா நோயாளிக்கு ரிஸ்பெரிடோனா, க்யூட்டியாபினா?

(மருத்துவர்களும் ஒரு மருந்தாளுநரும் ஒரு குழுவில் எழுதிக்கொண்டது. தாமிரபரணி, மலைக்கோட்டை, நொய்யல் மூன்றும் அவர்களின் புனைபெயர்கள்.)

தாமிரபரணி, 04.11.2024, இரவு 9.40

76 வயதுப் பாட்டி, எடை 44 கிலோ. அல்சைமர் என்று கண்டறிந்து மூன்று வருடம் ஆகிறது, இப்போது நடுத்தர நிலை. ஐந்து வாரமாக இரவு இரண்டு, மூன்று மணிக்கு எழுந்து கத்துகிறார். வியர்த்துக் கொட்டுகிறது, கதவைத் தள்ளுகிறார், மகளையே யாரென்று தெரியாமல் அடிக்கிறார். வீட்டில் யாரும் தூங்கி நாளாகிறது.

சீட்டில் இருப்பவை: டோனெபெசில் 10 மி.கி. இரவு (மறதிக்கு, இரண்டு மாதத்துக்கு முன் 5லிருந்து கூட்டியது), மெட்டோப்ரோலால் 50 (நாடியையும் பிரஷரையும் குறைப்பது), கிளிமிபிரைடு 2 + மெட்ஃபார்மின் 500 சேர்ந்த சர்க்கரை மாத்திரை காலை, இரவு, பான்டோப்ரசோல் 40 (வயிற்று அமிலத்துக்கு), டோல்டெரோடின் 2 மி.கி. இரண்டு வேளை (சிறுநீர் அடங்க), அல்பிரசோலாம் 0.5 இரவு (தூக்கத்துக்கு). ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.4. கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) 1.2, நார்மல்தான்.

மனநோய் எதிர்ப்பு மருந்து கொடுக்கலாமென்று நினைக்கிறேன். ரிஸ்பெரிடோன் 1 மி.கி.யா, க்யூட்டியாபின் 25ஆ? எதில் தொடங்கலாம்?

மலைக்கோட்டை, 04.11.2024, இரவு 10.15

இன்று இரண்டுமே வேண்டாம். இரவு மூன்று மணி, வியர்வை, ஆள் தெரியவில்லை, இரண்டு வேளை கிளிமிபிரைடு, ஹெச்பிஏ1சி 6.4. முதலில் சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இன்று இரவே கத்தும் நேரத்தில் விரலில் குத்திப் பார்க்கட்டும். 70க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். விழுங்க முடியாத அரை மயக்கத்தில் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

நாளை காலை நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஒரு ஈசிஜி.

தாமிரபரணி, 05.11.2024, காலை 7.10

இரவு 2.50க்குச் சர்க்கரை 56. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் அரை மணியில் அடங்கித் தூங்கிவிட்டார். நாடி 50. படுத்திருக்கும்போது 138/80, நின்று மூன்று நிமிடத்தில் 112/70.

மலைக்கோட்டை, 05.11.2024, காலை 7.45

கிளிமிபிரைடை இன்றே நிறுத்துங்கள். இதில் படிப்படி கிடையாது. சேர்ந்த மாத்திரையாக இருப்பதால் மெட்ஃபார்மினைத் தனியாக எழுத வேண்டும், இல்லையென்றால் மருந்துக்கடையில் பழைய அட்டையே வரும். அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு இரவில் சர்க்கரை பாருங்கள், இந்த மருந்தின் தாக்கம் சிறுநீரகம் சோர்ந்த உடம்பில் நீண்டு நிற்கும்.

இந்த வயதில், இந்த நோயில் 6.4 நல்ல எண் இல்லை. 8 வரை இருந்தால் போதும். சாப்பிட்டதை மறந்தும் சாப்பிடாததை மறந்தும் இருக்கும் ஒருவருக்கு, சாப்பாட்டைக் கணக்கில் எடுக்காமல் சர்க்கரையை இறக்கும் மருந்து எப்போதும் ஆபத்துதான். அதே வகையிலான கிளிபென்கிளமைடு இன்னும் மோசம்.

ரிஸ்பெரிடோன் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கத்தல் அடங்கியிருக்கும். சர்க்கரை 56லேயே இருந்திருக்கும்.

மலைக்கோட்டை, 05.11.2024, இரவு 9.30

மீதிச் சீட்டை இப்போது நிதானமாகப் பார்ப்போம். எந்த மருந்து எந்த வரிசையில் வந்தது என்பதைத் தேதி போட்டு எழுதுங்கள். டோனெபெசிலை 10 ஆக்கியது செப்டம்பர் முதல் வாரம். டோல்டெரோடின் எப்போது சேர்ந்தது?

என் ஊகம்: டோனெபெசில் கூடியதும் சிறுநீர் அடக்க முடியாமல் போயிருக்கும். அந்த மருந்து அசிட்டைல்கோலினை (நரம்புகள் செய்தி கடத்தும் ரசாயனம்) கூட்டுகிறது, மூத்திரப்பையும் அதே அசிட்டைல்கோலினில்தான் இறுகுகிறது. "வயதாகிவிட்டது, அடக்க முடியவில்லை" என்று யாரோ டோல்டெரோடின் எழுதியிருப்பார்கள். அது அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து. ஒரு கையால் ஏற்றியதை மறு கையால் இறக்குகிறோம். நடுவில் வாய் உலர்கிறது, மலம் கட்டுகிறது, குழப்பம் கூடுகிறது. குழப்பத்துக்குத் தூக்க மாத்திரை. அதில் விழுந்தால் எலும்பு முறிவு. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக எண்ணி அடுத்த மருந்தை எழுதும் இந்தச் சங்கிலி அபூர்வமானது இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் முதியோரின் மருந்துப் பதிவுகளை வைத்து 2005இல் வெளியான ஆய்வு இதே ஜோடியைத்தான் காட்டியது: டோனெபெசில் வகை மருந்து தொடங்கியவர்களுக்குப் பிறகு மூத்திரப்பை மருந்து எழுதப்படுவது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது.

நாடி 50க்கும் அதே இடத்தில் பதில் இருக்கிறது. டோனெபெசில் நாடியைக் குறைக்கும், மெட்டோப்ரோலாலும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் மயங்கி விழுவார்கள். மருந்துச் சீட்டைப் பார்க்காமல் பேஸ்மேக்கர் வரை போகும் வாய்ப்பும் உண்டு.

இந்தப் பாட்டியால் "தலை சுத்துது", "வயிறு கல்லா இருக்கு", "நெஞ்சு படபடங்குது" என்று சொல்ல முடியாது. கத்தத்தான் முடியும். நடத்தையில் புதிதாக எது வந்தாலும், மருந்தால் வந்ததில்லை என்று உறுதியாகும் வரை மருந்தால் வந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நொய்யல், 06.11.2024, காலை 11.20

மருந்தாளுநராக ஒரு வார்த்தை. சீட்டில் இருப்பது பாதிதான். வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துவரச் சொல்லி மேசையில் கொட்டுங்கள். சளி மாத்திரை (குளோர்பெனிரமின் கலந்தது), வயிற்றுவலி மாத்திரை (டைசைக்ளோமின்), அரிப்பு மாத்திரை (ஹைட்ராக்சிசின்), தூக்கத்துக்கு என்று யாரோ கொடுத்த அமிட்ரிப்டிலின் எல்லாம் அதில் இருக்கும். எல்லாமே அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. ஒவ்வொன்றும் சின்ன அளவுதான். நான்கு சேர்ந்தால் மூளைக்குப் பெரிய சுமை.

அதோடு "தலைசுற்றல் மாத்திரை" என்று வருடக்கணக்காக வாங்கிப்போகும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின். இரண்டும் கை நடுக்கம், உடல் இறுக்கம் கொண்டுவரும். அதைப் பார்க்கின்சன் என்று நினைத்து மருந்து தொடங்குவதும் நடக்கிறது.

அட்டைகளை எண்ணுங்கள். கடந்த மாதம் வாங்கிய 30இல் 22 மீதி இருந்தால் அவர் மருந்து எடுக்கவே இல்லை. "பலன் இல்லை" என்று அளவைக் கூட்டும்முன் இந்த எண்ணிக்கை வேண்டும்.

தாமிரபரணி, 07.11.2024, மாலை 6.05

பையில் சளி மாத்திரை இருந்தது, தினமும் ஒன்று, மூன்று மாதமாக. மூக்கு ஒழுகுகிறது என்று தொடங்கியதாம். டோல்டெரோடின் சேர்ந்தது செப்டம்பர் கடைசி வாரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடலாமா? மறதிக்கு மெமான்டின் சேர்க்கவும் யோசனை, 20 வரை போகலாம்தானே?

மலைக்கோட்டை, 07.11.2024, இரவு 8.50

மூக்கு ஒழுகுவதும் டோனெபெசிலின் வேலையாக இருக்கலாம். சளி மாத்திரையை நிறுத்துங்கள். டோல்டெரோடினையும் நிறுத்துங்கள், அதற்குப் படி தேவையில்லை. டோனெபெசிலை 5க்கு இறக்கி, இரவிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். இரவில் எடுத்தால் சிலருக்குப் பயங்கரக் கனவு வரும். இதன் அரை ஆயுள் (ரத்தத்தில் பாதியாகக் குறையும் நேரம்) 70 மணி நேரம், அதாவது மருந்து உடம்பைவிட்டு முழுதாக இறங்க இரண்டு வாரம் ஆகும். அதனால் மாற்றத்தை மூன்றாம் நாளில் தேட வேண்டாம், பதினைந்தாம் நாளில் பாருங்கள்.

அல்பிரசோலாமில் மட்டும் கை வைக்க அவசரம் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், குழப்பம் பல மடங்காகும். 0.5 இப்போது. இரண்டு வாரத்துக்கு 0.375, பிறகு 0.25, பிறகு 0.125, பிறகு நிறுத்தம். 0.25 மாத்திரையாக வாங்கினால் பாதி உடைத்து இந்த அளவுகள் எல்லாம் கிடைக்கும். ஒரு படியில் தூக்கம் கெட்டால் அதே படியில் இன்னும் இரண்டு வாரம் நில்லுங்கள், பின்னால் போக வேண்டாம்.

மெட்டோப்ரோலாலும் திடீரென்று நிறுத்தும் மருந்து இல்லை. மாரடைப்பு வந்தவரா, வெறும் பிரஷருக்கா என்று கேளுங்கள். பிரஷருக்கு மட்டும் என்றால் 25க்கு இறக்கி இரண்டு வாரம் பாருங்கள்.

மெமான்டின்: வாரம் 5 மி.கி. கூட்டி 20 வரை போகலாம். இப்போது வேண்டாம், எல்லாம் அடங்கிய பிறகு.

மலைக்கோட்டை, 08.11.2024, காலை 6.30

நேற்று மெமான்டின் பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். 20 என்று சொன்னது தவறு. கிரியாட்டினின் 1.2ஐ "நார்மல்" என்று நீங்கள் எழுதியதை நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

44 கிலோ உடம்பில் தசை குறைவு, கிரியாட்டினினும் குறைவாகத்தான் உருவாகும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணிக்கும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: 140லிருந்து 76 போனால் 64. 64 × 44 = 2816. இதை 72 × 1.2 = 86.4ஆல் வகுத்தால் 32.6. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால் 27.7. அதாவது நிமிடத்துக்கு 28 மி.லி. லேப் அச்சடித்துத் தரும் ஈஜிஎஃப்ஆர் (அதே வடிகட்டலின் இன்னொரு மதிப்பீடு) இதே ரத்தத்துக்கு 47 என்று காட்டும், அது சராசரி உடல் பரப்புக்குக் கணக்கிட்டது. மெமான்டினுக்கு 30க்குக் கீழே நாளொன்றுக்கு 10 மி.கி.தான் உச்சம். டோல்டெரோடினே 1 மி.கி. இரண்டு வேளைக்கு மேல் போயிருக்கக் கூடாது. மெட்ஃபார்மினும் நாளுக்கு 1000க்கு மேல் போக வேண்டாம், வாந்தி பேதி வந்தால் அன்றைக்கு நிறுத்தச் சொல்லிவையுங்கள்.

எடையைச் சீட்டில் எழுதாமல் மருந்து எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

நொய்யல், 08.11.2024, மதியம் 1.15

சிறுநீர்த் தொல்லை 15 நாள் கழித்தும் தீரவில்லை என்றால்?

மலைக்கோட்டை, 08.11.2024, மதியம் 2.00

முதலில் மலச்சிக்கல். ஆசனவாயில் விரல் விட்டுப் பாருங்கள், கெட்டிப்பட்ட மலம் மூத்திரப்பையை அழுத்தும். பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்குக் கூட்டிப்போவது. அதற்கும் மேல் என்றால் மிராபெக்ரான் 25, அசிட்டைல்கோலினைத் தொடாது, பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாமிரபரணி, 21.11.2024, இரவு 9.10

இரவுக் கத்தல் நின்றுவிட்டது. நாடி 62. சிறுநீர் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. ஆனால் காலையில் குளிப்பாட்டும்போது மட்டும் கத்தல், கிள்ளல், தண்ணீர்ச் செம்பைப் பிடுங்கி எறிகிறார். இதற்காவது ரிஸ்பெரிடோன் சின்ன அளவில்?

மலைக்கோட்டை, 21.11.2024, இரவு 10.40

ஒரே நேரத்தில், ஒரே வேலையில் வரும் கத்தல் என்றால் வலியைத் தேடுங்கள். குளிப்பாட்டும்போது எந்தக் கணத்தில் தொடங்குகிறது? தண்ணீர் ஊற்றும்போதா, முக்காலியில் உட்காரவைக்கும்போதா, கையைத் தூக்கும்போதா? மகளை ஒரு நாள் அதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்க வேண்டும்: புருவம் நெரிவது, பல்லைக் கடிப்பது, அந்த மூட்டைக் கையால் பொத்துவது.

நார்வேயின் முதியோர் இல்லங்களில் 352 பேரை வைத்து நடந்து 2011இல் வெளியான ஆய்வில், வலிக்குப் படிப்படியாகச் சிகிச்சை கொடுத்ததிலேயே எட்டு வாரத்தில் கிளர்ச்சி (கத்தல், அடித்தல், நிலைகொள்ளாமை) தெளிவாகக் குறைந்தது. பலருக்கும் தேவைப்பட்டது பாராசிட்டமால்தான்.

இவருக்கு 500 மி.கி. மூன்று வேளை, நேரம் தவறாமல். "வலித்தால் கொடுங்கள்" என்று எழுதாதீர்கள், அவர் கேட்கமாட்டார். குளியலுக்கு முக்கால் மணி நேரம் முன் ஒரு வேளை விழுகிற மாதிரி வையுங்கள். 44 கிலோவுக்கு 650 நான்கு வேளை அதிகம். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் இந்தச் சிறுநீரகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

மலைக்கோட்டை, 23.11.2024, மாலை 5.20

ரிஸ்பெரிடோனை ஒரேயடியாக ஒதுக்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். உண்மையிலேயே தேவைப்படும் நிலை உண்டு: சர்க்கரை, வலி, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மருந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது, சூழலை மாற்றியும் ஆகிவிட்டது, ஆனாலும் தனக்கோ மற்றவருக்கோ காயம் ஏற்படும் அளவுக்கு வன்மம், அல்லது தாங்க முடியாத பயமும் சந்தேகமும். அலைந்துகொண்டே இருப்பது, கேட்டதையே கேட்பது, பொருளை ஒளித்துவைப்பது, இரவில் விழித்திருப்பது, இவற்றுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. தூங்கவைக்கும், அவ்வளவுதான்.

கொடுக்கும்முன் குடும்பத்திடம் இதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மருந்துத் துறை 2005இல் இந்த வகைப் புதிய மருந்துகளுக்கும் 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழையவற்றுக்கும் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை (மருந்து விவரத்தாளில் கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) போட்டது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சுமார் பத்து வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதமும் இறந்திருந்தார்கள். காரணம் பெரும்பாலும் இதயம், இல்லையென்றால் நிமோனியா போன்ற தொற்று. பிரிட்டனில் 2009இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, டிமென்ஷியா உள்ள 1,80,000 பேர் இந்த மருந்துகளில் இருப்பதாகவும், பலன் காண்பவர்கள் 36,000 பேர் வரைதான் என்றும், ஆண்டுக்கு 1,800 கூடுதல் மரணம் என்றும் மதிப்பிட்டது. இந்த எண்களைச் சொல்லிவிட்டு, "இவருக்கு இன்ன காரணத்துக்காக, இத்தனை நாளுக்கு" என்று சொன்னால் மகளுக்குப் புரியும். சொல்லாமல் எழுதுவது சரியில்லை.

அளவு: 0.25 மி.கி. இரவு. நம் கடைகளில் பெரும்பாலும் 1, 2 மி.கி. மாத்திரைதான். கால் பங்காக உடைத்தால் ஒரு நாள் தூள், ஒரு நாள் பாறை. ஒரு மில்லிக்கு 1 மி.கி. உள்ள திரவம் வாங்கி, ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சில் 0.25 கோடு வரை இழுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்பூன் வேண்டாம். மூன்று நான்கு நாள் பார்த்துத் தேவையானால் இரண்டு வேளை 0.25. நாளுக்கு 1 மி.கி.யைத் தாண்டாதீர்கள்.

தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் தேதியைச் சீட்டில் எழுத வேண்டும். ஆறு வாரம். "தொடரவும்" என்று ஒரு சொல் எழுதினால் அது மூன்று வருடம் தொடரும்.

உடல் இறுகினால், நடை குறுகினால் மருந்தைக் குறைப்பதுதான் வழி. இறுக்கத்துக்கென்று ட்ரைஹெக்ஸிஃபெனிடில் (இதுவும் அசிட்டைல்கோலினைத் தடுப்பது) சேர்க்கும் பழக்கம் இளையவர்களுக்கான மனநல வார்டிலிருந்து வந்தது. டிமென்ஷியாவில் அது குழப்பத்தைக் கொளுத்திவிடும்.

நொய்யல், 23.11.2024, இரவு 7.00

க்யூட்டியாபின் "லேசானது, பாதுகாப்பானது" என்றுதான் பலரும் எழுதுகிறார்கள்.

மலைக்கோட்டை, 23.11.2024, இரவு 7.25

கிளர்ச்சிக்கு அதன் பலன் மிகக் குறைவு. மயக்கமும் எழுந்தால் பிரஷர் இறங்குவதும் நிச்சயம். அதே கறுப்புப் பெட்டி இதற்கும் உண்டு. இதற்கு ஓர் இடம் இருக்கிறது, டிமென்ஷியாவில் இன்னொரு வகையான லூயி பாடி டிமென்ஷியா. அதைத் தனியாக எழுதுகிறேன்.

மலைக்கோட்டை, 24.11.2024, காலை 8.10

எந்த மனநோய் எதிர்ப்பு மருந்துக்கு முன்னாலும் நான்கு கேள்வி. வீட்டில் குழந்தைகள், அந்நியர்கள், நாய் பூனை நிற்பதாகத் தெளிவாகப் பார்க்கிறாரா? ஒரு நாள் நன்றாகப் பேசி மறுநாள் மந்தமாகக் கிடக்கிறாரா? மருந்து தொடங்கும்முன்பே கை நடுக்கமோ இறுக்கமோ உண்டா? மறதி வருவதற்குப் பல வருடம் முன்பே தூக்கத்தில் கை கால் வீசி, பக்கத்தில் படுத்தவரை அடித்திருக்கிறாரா? கடைசிக் கேள்விக்குக் கணவனோ மனைவியோதான் பதில் சொல்ல முடியும், கேட்காமல் சொல்லமாட்டார்கள்.

இரண்டுக்கு ஆம் என்றால் லூயி பாடியாக இருக்கலாம். அவர்களில் பலருக்கு ஒரு ஹாலோபெரிடால் ஊசியே போதும், கட்டை போல இறுகி, விழுங்க முடியாமல், நினைவு தப்பிப் போவார்கள். உயிரே போகலாம். சீட்டின் தலைப்பில் சிவப்பு மையில் "ஹாலோபெரிடால் கூடாது" என்று எழுதிக் கொடுங்கள். அவரை நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிப்போகும்போது அங்கே இருப்பவருக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். இவர்களுக்கு முதல் மருந்து டோனெபெசில் வகையைச் சேர்ந்த ரிவாஸ்டிக்மின். அதற்கும் மேல் தவிர்க்கவே முடியாவிட்டால் க்யூட்டியாபின் 12.5 இரவு.

நொய்யல், 24.11.2024, காலை 10.30

ரிவாஸ்டிக்மின் ஒட்டுப்பட்டை பற்றி. நாளுக்கு 4.6 மி.கி. தரும் பட்டையில் தொடங்கி நான்கு வாரம் கழித்து 9.5. இதில் நடக்கும் பெரிய தவறு, பழையதைப் பிய்க்காமல் புதியதை ஒட்டுவது. முதுகில் மூன்று பட்டை இருந்தால் மூன்று மடங்கு மருந்து: ஓயாத வாந்தி, பேதி, நாடி இறங்கும். கொடுக்கும்போதே பட்டைமேல் பேனாவால் தேதி எழுதி ஒட்டச் சொல்கிறோம். கை எட்டாத மேல்முதுகில், எண்ணெய் தேய்க்காத இடத்தில். இன்று வலது, நாளை இடது, அதே புள்ளிக்குப் பதினான்கு நாள் திரும்பக் கூடாது. மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 4.6இலிருந்துதான்.

தாமிரபரணி, 05.12.2024, இரவு 8.45

வலது முழங்கால்தான். தாழ்ந்த முக்காலியில் உட்காரவைக்கும்போது கத்தல் தொடங்கியிருக்கிறது. பாராசிட்டமாலோடு முக்காலிக்குப் பதில் உயரமான பிளாஸ்டிக் நாற்காலி. கத்தல் வாரத்தில் ஓரிரு நாளாகக் குறைந்திருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் "வீட்டுக்குப் போகணும்" என்று பையைத் தூக்குவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. அல்பிரசோலாம் இப்போது 0.25. மாத்திரையைத் துப்பத் தொடங்கியிருக்கிறார், தயிர்சாதத்தில் பொடித்துக் கலக்கலாமா என்று மகள் கேட்கிறார்.

நொய்யல், 05.12.2024, இரவு 9.20

பான்டோப்ரசோலைப் பொடித்தால் வயிற்று அமிலமே அதைத் தின்றுவிடும். மெட்டோப்ரோலால் நீண்டநேர வகை என்றால் பொடித்த அன்று முழு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும், நாடி மறுபடி 50. கலப்பதானால் ஒரு ஸ்பூனில் மட்டும், முதல் வாயில். முழுக் கிண்ணத்தில் கலந்தால் பாதி சாப்பாட்டோடு பாதி மருந்தும் மிஞ்சும். டோனெபெசில் நாக்கில் கரையும் வகையிலேயே கிடைக்கிறது.

மலைக்கோட்டை, 05.12.2024, இரவு 10.05

கலப்பதற்கு முன், ஒளித்துக் கொடுக்கும் அளவுக்கு எது அவசியம் என்று பாருங்கள். பான்டோப்ரசோல் எதற்கு? புண்ணோ ஆஸ்பிரினோ இல்லையென்றால் நிறுத்தலாம். வருடக்கணக்கில் அதுவும் மெட்ஃபார்மினும் சேர்ந்து பி12ஐக் குறைக்கும், குறைவு மறதியாகத் தெரியும். பி12, தைராய்டு, சோடியம் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மிச்சம் அவசியமானதை மட்டும், மகளும் நீங்களும் பேசி முடிவெடுத்து, அதைச் சீட்டில் எழுதிவைத்துக் கலக்கலாம்.

மாலை ஆறு மணிக்குப் பை தூக்குவதற்கு மாத்திரை இல்லை. ஐந்தரைக்கே விளக்கைப் போட்டு, ஏதாவது சாப்பிடக் கொடுத்து, தெருமுனை வரை கூட்டிப்போய்த் திரும்பட்டும். நினைவுக்கென்று கடைகளில் தரும் பிராசிட்டாம், சிட்டிகோலின், ஜின்கோ எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். ஜின்கோவை 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேருக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2008இல் வெளியானது, டிமென்ஷியா வருவதை அது தடுக்கவில்லை. வல்லாரை கொடுத்தால் திட்ட வேண்டாம், அதையும் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள்.

தாமிரபரணி, 09.01.2025, இரவு 9.00

அல்பிரசோலாம் முழுதாக நின்று பத்து நாள். பி12 குறைவாக இருந்தது, ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். டோனெபெசில் 5ஐயும் நிறுத்திவிடலாம் என்கிறார் மகன், "எப்படியும் குணமாகப் போவதில்லை" என்கிறார்.

மலைக்கோட்டை, 09.01.2025, இரவு 9.50

நிறுத்தக் காரணம் இருந்தால் நிறுத்தலாம்: எடை இறங்குவது, மயக்கம், நாடி, சாப்பிட மறுப்பது. குணமாகாது என்பது மட்டும் காரணமில்லை. 2012இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், நடுத்தர, கடுமையான நிலையில் இருந்த 295 பேரில் டோனெபெசிலைத் தொடர்ந்தவர்கள் நிறுத்தியவர்களைவிட அன்றாட வேலைகளில் குறைவாகத்தான் பின்தங்கினார்கள். பெரிய வித்தியாசமில்லை, ஆனால் தானே சாப்பிடுவதா, ஊட்டிவிடுவதா என்பது அந்த வீட்டுக்குப் பெரிதுதான்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள், இப்போது 44 என்பதால் 42க்குக் கீழே போனால் முதல் சந்தேகம் இந்த மருந்தின்மேல். நிறுத்துவதாக முடிவெடுத்தால் அந்த மாதத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். நான்கு வாரத்துக்குள் தெளிவாகச் சரிந்தால் மறுபடி 5ஐத் தொடங்கலாம், தாமதிக்க வேண்டாம்.

இப்போதைய பட்டியலை ஒரே தாளில் எழுதி மகளிடம் கொடுங்கள். மருந்து, எதற்கு, எத்தனை மணிக்கு, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது. கீழே தனிக் கட்டத்தில் நிறுத்தியவை, நிறுத்திய காரணம்: கிளிமிபிரைடு, இரவில் சர்க்கரை 56. டோல்டெரோடின், சளி மாத்திரை, குழப்பம். அல்பிரசோலாம். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் அடுத்த முறை வேறொரு ஆஸ்பத்திரியில் அதே மருந்துகள் திரும்பி வரும்.

தாமிரபரணி, 10.01.2025, காலை 7.30

எழுதிவிட்டேன். மெட்டோப்ரோலால் 25க்கு நேரே "மாரடைப்பு வந்ததில்லை, பிரஷருக்கு மட்டும்" என்று போட்டிருக்கிறேன். எடை இன்று காலை 44.5.